வாரேன் என்று சொல்லாத வீடு

மாமா இரண்டு கையையும் கூப்பி, லேசாகக் குனிந்து, "வெள்ளொஸ்தானு, சார்" என்று சொன்னது மருத்துவமனையின் லிஃப்ட் வாசலில். அறுவை சிகிச்சை முடிந்து அவரை வீட்டுக்கு அனுப்பிய நாள் அது. தையலில் உரசாமல் இருக்கச் சட்டையை ஒரு கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டே வந்தவர், கும்பிடுவதற்காக அதை விட்டுவிட்டார். 'போய்ட்டு வாரேன்' என்பதைத்தான் தெலுங்கில் சொன்னார். தென்காசிப் பக்கத்து நாக்கில் அந்தத் தெலுங்கு பாதி தமிழாகவே விழும். அறுவை மருத்துவர் சிரித்துக்கொண்டே, செக்கப்புக்கு மட்டும் வாருங்கள், இந்த வியாதியோடு மறுபடி வரவேண்டாம் என்று சொன்னார். எல்லோரும் சிரித்தோம், அத்தையைத் தவிர. லிஃப்ட் கதவு மூடும்வரை அவள் மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். காரில் ஏறியதும், ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டு அந்தச் சொல்லைச் சொல்லலாமா என்று கேட்டாள். எந்தச் சொல்லைக் கேட்கிறாள் என்று மாமாவுக்குப் புரியவே இல்லை.

அத்தை என் அப்பாவின் தங்கை. மாமா ஐதராபாத்தில், குஷாய்குடாவின் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆலைக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். பிள்ளைகள் இல்லை. ஐதராபாத்தில் எனக்கு சாஃப்ட்வேர் வேலை கிடைத்தபோது, ஹாஸ்டல் எதற்கு என்று மாமாவே ஸ்டேஷனுக்கு வந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து தினமும் காலையில் தன் பழைய ஸ்கூட்டரில் என்னை ஹப்சிகுடா மெட்ரோ வரை கொண்டு விடுவார். வழி முழுக்கப் பேச்சு. குஷாய்குடாவிலிருந்து ஹப்சிகுடா வருவதற்குள் உலகத்தில் உள்ள எல்லா அரசாங்கங்களையும் ஒருமுறை திட்டி முடித்திருப்பார். நான் இறங்கி, போய்ட்டு வாரேன் மாமா என்பேன். வா மருமவளே என்பார். யோசித்துச் சொன்ன பேச்சில்லை அது, மூச்சு விடுகிற மாதிரி.

மாமா வாழ்க்கையில் ஒரு சொட்டு குடித்ததில்லை. வாலிப வயசில் ஒரு ரத்த தான முகாமில் மஞ்சள் காமாலைக் கிருமி ரத்தத்தில் இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாததால் அவர் அதை மறந்தே போய்விட்டார். அது மறக்கவில்லை. ஓய்வு பெற்றவர்களுக்கான பொதுப் பரிசோதனையில்தான் ஈரலின் வலது பக்கத்தில் கட்டி தெரிந்தது. ஈரல் கெட்டது என்று கேட்டவுடனே நம் ஜனங்களின் கண் ஒரு சிமிட்டுச் சிமிட்டும் பாருங்கள், அதை நான் இந்த ஜென்மத்தில் மன்னிக்கமாட்டேன். ஒளிச்சு ஒளிச்சு குடிச்சிருப்பாரோ என்று உறவுக்காரர் ஒருவர் என்னிடமே போனில் கேட்டார். பிற்பாடு தொடையில் குழாய் விட்டு மருந்து கொடுத்தபோது, ஆஞ்சியோ என்று அரைகுறையாகக் கேள்விப்பட்ட அக்கம்பக்கத்தார் அதை நெஞ்சுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டார்கள். மாமா திருத்தவில்லை. நெஞ்சு வலி மரியாதையான வியாதி, இருந்துட்டுப் போகட்டும் என்றார்.

எடுத்த கட்டியைச் சோதித்த ரிப்போர்ட் வந்த அன்று நாங்கள் மூன்று பேரும் மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். கண்ணுக்குத் தெரிந்ததை விளிம்போடு சுத்தமாக எடுத்தாயிற்று என்றார். ஆனால் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஈரலுக்குள் இருக்கும் பொடிப் பொடி ரத்தக் குழாய்களுக்குள்ளும் புற்றுச் செல்கள் நுழைந்திருக்கின்றன. இப்படி இருப்பவர்களுக்கு மிச்சமிருக்கும் ஈரலில் அது திரும்பத் தலைகாட்டும் வாய்ப்பு அதிகம். அதைத் தடுக்க ஒரு வழி உண்டு. அறுவைக்குப் பின் ஈரல் கொஞ்சம் தேறியதும், தொடை இடுக்கில் உள்ள தமனியில் மெல்லிய குழாயை விட்டு, அதை ஈரலுக்குப் போகும் தமனி வரைக்கும் நகர்த்தி, கீமோ மருந்தை அங்கேயே நேராக விடுவது. எல்லா டாக்டர்களும் இதை ஒத்துக்கொள்வதில்லை, இவரைப் போன்றவர்களுக்குப் பலன் தரலாம் என்று நினைப்பவர்களில் நான் ஒருவன், உறுதி தரமாட்டேன் என்றும் ஒளிக்காமல் சொன்னார். பிறகு அத்தைக்குப் புரியவேண்டும் என்று ஆங்கிலத்திலிருந்து தெலுங்குக்கு மாறி, "மள்ளீ ராகுண்டா" என்றார். மறுபடி வராமல் இருக்க. மற்ற எதுவும் அத்தையின் காதில் ஏறவில்லை. அந்த இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் உதட்டுக்குள் மள்ளீ ராகுண்டா, மள்ளீ ராகுண்டா என்று சொல்லிக்கொண்டே வந்தாள், கந்த சஷ்டிக்கு விரதம் இருப்பவள் மாதிரி.

மாமாவுக்குத்தான் சந்தேகம். இப்போது ஒன்றுமில்லை என்கிறார்கள், இல்லாத ஒன்றுக்கு எப்படி மருந்து கொடுப்பார்கள் என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அவருக்கே விடை கிடைத்தது, தன் ஆலையிலிருந்து. அங்கே செய்து முடித்த சர்க்யூட் போர்டு நன்றாக வேலை செய்தாலும், அப்படியே அனுப்பிவிட மாட்டார்களாம். சூடான பெட்டிக்குள் வைத்து வாட்டி எடுப்பார்களாம். உள்ளே ஒளிந்திருக்கும் கோளாறு ஏதாவது இருந்தால் இங்கேயே வெளியே வரட்டும் என்று. அவருடைய வேலையே அதுதான். "இதுவும் அதே கததான் மருமவளே. நல்லா இருக்கதையும் சூட்டுல போட்டு எடுக்காங்க" என்றார். கொஞ்சம் நேரம் கழித்து, சில நல்ல போர்டும் அதில் போய்விடும் என்று தானாகவே சொல்லிக்கொண்டார். அத்தை அப்போது சமையலறையில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அந்த வாரத்தில்தான் அத்தை ஒரு சட்டம் கொண்டுவந்தாள். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா மாமாவைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது வழக்கம்போல "வஸ்தா", அதாவது வாரேன், என்றாள். அத்தைக்கு உடம்பு ஒரு உலுக்கு உலுக்கியது. ஈரக்குலை நடுங்குது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அவளுக்கு நடுங்கியது மாமாவின் ஈரக்குலைக்காக. இனிமேல் இந்த வீட்டு வாசலில் நின்று யாரும் அப்படிச் சொல்லக்கூடாது, வாரேன் என்ற சொல் காதில் விழுந்தால் அதுவும் வந்துவிடும் என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வியாதியின் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. 'அது' என்றுதான் சொல்வோம். அது வருமா, அது வந்துவிட்டால் என்ன செய்வது. வருகிறது, வரும், வராது என்ற சொற்கள் எல்லாம் மெல்ல மெல்ல அதற்கே சொந்தமாகிவிட்டன. மனிதர்கள் அவற்றைப் பயன்படுத்துவது குற்றம் போலானது.

இந்த ஊரின் லட்சணம் என்னவென்றால், இங்கே எந்த மொழியில் விடைபெற்றாலும் வருவதாகத்தான் சொல்லவேண்டும். தமிழில் போய்ட்டு வாரேன், தெலுங்கில் வெள்ளொஸ்தா. மாமாவோடு ஆலையில் ஒரே பெஞ்சில் வேலை பார்த்த பாய் ஒருவர் வாரம் ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு வருவார். அவர் எழுந்திருக்கும்போது "ஜாக்கே ஆத்தூம், பாபீ" என்பார். அதுவும் அதே அர்த்தம்தான். அத்தை பதறிப்போய், "ஆத்தூம் நக்கோ, பாய்சாப், நக்கோ" என்றாள். பாவம், இனிமேல் வீட்டுப் பக்கமே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று நினைத்து அந்த மனிதருக்கு முகம் செத்துப்போயிற்று. மாமாதான் வாசல் வரை போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு விளக்கம் சொன்னார். அதற்குப் பிறகு எல்லோரும் பழகிக்கொண்டார்கள். கிளம்புகிறவர்கள் தலையை மட்டும் அசைத்துவிட்டு, செருப்பைச் சத்தமில்லாமல் மாட்டிக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டு அம்மா ஒருமுறை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

முதல் தடவை மருந்து விட்டபோது மாமா விழித்துக்கொண்டுதான் இருந்தார். தொடையில் மட்டும் மரத்துப்போக ஊசி. குழாய் உள்ளே போவது தெரியவில்லை, வயிற்றுக்குள் திடீரென்று வெந்நீர் ஊற்றியது போல் ஒரு சூடு பரவியது என்று பிறகு சொன்னார். அதே குழாய் வழியாகப் படமும் எடுத்துப் பார்த்தார்கள். எங்கும் ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னதும் அத்தை அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். காலை மடக்காமல் நீட்டியபடியே பல மணி நேரம் கிடக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஆலையில் பெயர்போன ஒழுங்குக்காரர் அல்லவா, கட்டை விரலைக்கூட அசைக்காமல் கிடந்தார். மறுநாளிலிருந்து காய்ச்சல், வாந்தி, வலது விலாவுக்குக் கீழே வலி. அறுவை முடிந்து அப்போதுதான் ஒருவழியாகத் தேறி, ஸ்கூட்டரைத் துடைத்து ஸ்டார்ட் செய்து பார்க்கிற அளவுக்கு வந்திருந்தார். திரும்பப் படுக்கையில் விழுந்தார். மோர்ச்சோறு வாசனைகூட ஆகவில்லை.

இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. வியாதி இருக்கும்போது மனிதன் படுவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. படத்தில் ஒன்றுமில்லாத, ரத்தத்தில் ஒன்றுமில்லாத, நன்றாகப் பசிக்கிற ஒரு மனிதரைக் கூட்டிக்கொண்டு போய் நோயாளியாக்கிக் கூட்டிக்கொண்டு வந்தோம். நாளைக்கு என்று எடுத்துவைப்பதற்காக இன்றையப் பொழுதை அவரிடமிருந்து பிடுங்கினோம். அந்த நாளை என்பதோ யாருடைய கையிலும் இல்லை. மாமா ஒருமுறைகூடக் குறை சொல்லவில்லை. அத்தை கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்தால், இரண்டு வாய் குடித்துவிட்டு, நல்லா இருக்கு என்பார். அவள் உள்ளே போனதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

இரண்டாம் தடவைக்கு நாள் குறித்தபோது ஈரலின் ரத்தப் பரிசோதனை சரியாக இல்லை. டாக்டர் கொஞ்சம் பொறுக்கலாம் என்றார். வேண்டுமானால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அத்தை விடவில்லை. பாதியில் விட்டால் அதுக்கு வழி விட்ட மாதிரி ஆகாதா என்று கேட்டாள். மாமா அவளுடைய முகத்தைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், செய்து முடித்துவிடலாம் என்றார். அவருடைய உடம்புக்காகச் சொன்னாரா, அவளுடைய நிம்மதிக்காகச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். இரண்டாவது முடிந்த பிறகு கண்ணில் லேசாக மஞ்சள் வந்து, மெல்ல வடிந்தது. ஸ்கூட்டர் தூசி படிந்து மூலையில் நின்றது. நான் ஷேர் ஆட்டோவில் மெட்ரோவுக்குப் போகப் பழகிக்கொண்டேன்.

செக்கப்புக்குப் போகும் இடத்தில் பாலாநகரிலிருந்து வரும் ஒருவர் பழக்கமானார். லேத் பட்டறை வைத்திருக்கும் தெலுங்குக்காரர். மாமாவுக்கு இருந்த அதே மாதிரிக் கட்டி, அதே அறுவை, அதே குழாய் மருந்து. அவருக்கு மருந்து விட்டு இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். மூன்றாம் நாள் பட்டறைக்குப் போய்விட்டேன் என்று தொடையைத் தட்டிச் சொல்வார். இப்போதும் நன்றாக இருக்கிறார் என்று கேள்வி. இருக்கட்டும், நூறு வருஷம் இருக்கட்டும். ஆனால் ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த மனிதரை எனக்குப் பிடிக்கவில்லை. அவர் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. அத்தை அவரிடமே போய், எந்தக் கோயிலுக்கு வேண்டிக்கொண்டீர்கள் என்று விசாரித்தாள்.

ஸ்கேன் சுத்தமாக வந்தது. அடுத்ததும் சுத்தம். அதற்கடுத்ததும் சுத்தம் என்றதும் அத்தை கொஞ்சம் தைரியப்பட்டாள். ஊருக்குப் போய்க் குற்றாலத்தில் குளித்துவிட்டு வரலாம் என்று மாமா கேட்டபோது, பார்க்கலாம் என்றுகூடச் சொன்னாள். அதற்கு அடுத்த ஸ்கேனில் அது வந்திருந்தது. ஒரே இடத்தில் இல்லை. மிச்சமிருந்த ஈரல் முழுக்கப் பொட்டுப் பொட்டாக, ஈரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய சிரை வரைக்கும். மறுபடி அறுக்கமுடியாது, குழாய் வழி மருந்தும் இனித் தாங்காது என்றார்கள். வேறு ஊசிகள் ஆரம்பித்தார்கள். ஈரல் அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

அத்தையை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். அந்த மருந்து விடாமல் இருந்திருந்தால் முன்பே வந்திருக்குமா, இல்லை, அவர் இன்னும் கொஞ்ச நாள் தெம்பாகவாவது இருந்திருப்பாரா? அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பல பேரைச் சேர்த்துப் பார்த்தால் தடுக்குமா தடுக்காதா என்று ஏதோ சொல்லலாம், ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு எப்படி இருந்திருக்கும் என்று என்னால் சொல்லமுடியாது என்றார். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. அன்று எனக்கு வேண்டியிருந்தது பொய்தான். அதைக்கூடக் கொடுக்காத அந்த நேர்மை மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அதுதான் வந்துவிட்டதே, இனி அந்தச் சட்டம் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். அத்தை அதை இன்னும் இறுக்கினாள். யாரோ எங்கேயோ மீறியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டாள். வருகிறவர்களும் குறைந்துபோனார்கள். மாமா முன்னறையில் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். வயிறு நீர் கோத்து வீங்கி, கை கால் குச்சியாகி, கண் மஞ்சளாகி. ஒரு காலையில் நான் பையை மாட்டிக்கொண்டு வழக்கம்போலச் சத்தமில்லாமல் கேட்டைத் திறந்தேன். ஜன்னலிலிருந்து "ஏட்டி" என்று கூப்பிட்டார். கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடுவது எங்கள் வீட்டில் ஆகாது. மாமா ஒருநாளும் செய்ததில்லை. திரும்பி உள்ளே போனேன். மூச்சு வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"எல்லாரும் துட்டி வீட்டுல இருந்து போற மாதிரியே போறீங்க. நான் இன்னும் இருக்கேன்லா."

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டுக்குத்தான் துட்டி வீடு என்று பெயர். துட்டி கேட்கப் போனவர்கள் மட்டும்தான் எழுந்து, யாரிடமும் வாரேன் என்று சொல்லாமல், தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். சின்ன வயசிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அத்தைக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். அது வராமல் இருக்கவேண்டும் என்ற ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்ததில், வீட்டுக்குள் ஒரு மனிதர் உயிரோடு உட்கார்ந்து, ஒவ்வொருவரும் தன்னிடம் துட்டி கேட்டுவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மருந்தை அவர் பொறுத்துக்கொண்டார். இதையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நான் குனிந்து அவர் காதுக்குப் பக்கத்தில், போய்ட்டு வாரேன் மாமா என்றேன். "வா" என்றார். மெட்ரோவில் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு அழுதேன். ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள்.

சாயங்காலம் சொன்னபடியே வந்தேன், வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே. அதற்குள் அவருக்கு நினைவு தப்ப ஆரம்பித்திருந்தது. ஈரல் ஓய்ந்தால் விஷம் மூளைக்கு ஏறும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். நான் கட்டில் அருகில் போய் நின்றேன். மாமா என்னை மரியாதையாகப் பார்த்துவிட்டு, அத்தையிடம் திரும்பி, யாரு வந்திருக்கா என்று கேட்டார். அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார். காரியத்துக்கு வந்தவர்கள் ஒருவரும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்கள். அத்தைக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரிந்த மாதிரி இல்லை.

இப்போது நான் அலுவலகத்துக்குப் பக்கத்தில் வீடு எடுத்துக்கொண்டு இருக்கிறேன். அத்தையைக் கூடவே வைத்துக்கொள்ளக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன், மாட்டேன் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் குஷாய்குடா போகிறேன். சமைக்கிறேன், அவள் சாப்பிடுகிறாளா என்று பார்க்கிறேன், துணி மடித்து வைக்கிறேன். கிளம்பும்போது வாசலில் நின்று, அவளுக்குக் கேட்கும்படி நன்றாகவே, போய்ட்டு வாரேன் அத்தை என்று சொல்கிறேன். முதல் சில தடவை குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை தலையை நிமிர்த்திப் பார்த்தாள். கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"என்னத்துக்கு?"